சூடேறினால் நிற்கும் வாகனமும் கிரேங்க் சென்சரும்

கண்டியிலிருந்து மஹியங்கனைப் பக்கம் சரக்கு ஏற்றிச் செல்லும் வியாபாரிகளுக்கு, தெல்தெனியவைத் தாண்டி ஹுன்னஸ்கிரிய வரை ஏறும் பாதையைப் பற்றி நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. சில வருடங்களுக்கு முன்னர் அந்த ஏற்றத்தில்தான் எமது கடையின் ஸ்டேஷன் வேகன், உள்ளே சப்பாத்துப் பெட்டிகள் நிறைந்திருந்த நிலையில், எந்தச் சத்தமும் இல்லாமல் நின்று போனது. இருமலோ உதறலோ இல்லை. ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, எஞ்சின் மட்டும் இல்லை. ஸ்டார்ட் பண்ணினால் எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிப்பதில்லை. அரை மணித்தியாலம் பாதையோரம் நின்ற பின் திறப்பைத் திருப்பினால் முதல் தடவையிலேயே ஒன்றும் நடக்காததுபோல் ஓடத் தொடங்கியது.

ஒரே மாதத்தில் இது மூன்று முறை நடந்தது. முதல் கராஜில் பெற்றோல் பம்பை மாற்றினார்கள். இரண்டாவது இடத்தில் பிளக்கும் இக்னிஷன் கொயிலும் மாறின. மூன்றாவது இடத்தில் கொம்பியூட்டர் பெட்டியே போய்விட்டது, பாவித்த ஒன்றைத் தேடி வாங்க வேண்டும் என்றார்கள். இதற்கிடையில் மஹியங்கனையில் பல வருடங்களாக எம்மிடமே சரக்கு எடுத்துவந்த ஒரு கடைக்காரர், பெருநாள் வியாபாரத்துக்கான ஓடரை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. இரண்டு தடவை நேரத்துக்குச் சரக்குப் போய்ச் சேரவில்லை என்றால் நாமும் அதைத்தான் செய்திருப்போம்.

கடைசியில் பல்லேகலயில், கைத்தொழில் பேட்டைக்குச் செல்லும் பக்கமாகச் சிறிய கராஜ் ஒன்றை நடத்தும் ஒரு தம்பியிடம் போனோம். அவர் பொனட்டைத் திறக்கவே இல்லை. முதலில் கேள்விதான் கேட்டார்.

“நாநா, நிண்ட பொறகு ஸ்டார்ட் பண்ணக்குள்ள ஆர்.பி.எம். முள்ளு கொஞ்சமாவது அசைஞ்சிச்சா?”

“அதப் பார்க்க எங்க தம்பி நேரம்? பின்னால பஸ் ஒண்டு ஹோர்ன் அடிச்சிக்கொண்டு நிண்டிச்சி.”

“அடுத்த முறை நிண்டா அத மட்டும் பாருங்க. வேற ஒண்டும் செய்ய வேணாம்.”

நான்காவது தடவை குண்டசாலைக்குக் கிட்ட நின்றபோது பார்த்தோம். ஸ்டார்ட்டர் எஞ்சினைச் சுற்றிக்கொண்டிருந்தது. முள் பூச்சியத்தை விட்டு அசையவே இல்லை. அவருக்கு அது போதுமாக இருந்தது. எமக்கு விளங்குவதற்குத்தான் கொஞ்சம் நேரம் எடுத்தது.

இந்தப் பக்கத்தில் ஏன் கராஜ் கதை என்று வாசகர்கள் கேட்கலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கான வழி 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. திறந்த பின்னரும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் புது வாகனம் பெரும்பாலான சிறு வியாபாரிகளுக்கு எட்டாத விலையில்தான் இருக்கிறது. எனவே பத்து, பதினைந்து, இருபது வருடம் ஓடிய கார்களையும் வேன்களையும் வைத்துத்தான் நாம் தொழில் செய்கிறோம். அந்த வயதில் வாகனத்தை நடுவழியில் நிறுத்தும் பாகங்களில் இந்தச் சென்சர் முக்கியமான ஒன்று. விலையில் மலிந்த பாகங்களில் ஒன்றும் இதுதான். பணம் கரைவது அதைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் மாற்றப்படும் மற்றப் பாகங்களிலேயே.

சென்சர் செய்யும் வேலை

பிஸ்டன்களின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டுதான் கிரேங்க் ஷாஃப்ட். அதனோடு சேர்ந்து பற்கள் வெட்டிய ஒரு சில்லு சுற்றுகிறது. சில எஞ்சின்களில் அது முன்பக்கம் புலிக்கு அருகில் இருக்கும். டொயோட்டா விட்ஸ், அக்ஸியோ போன்றவற்றில் வரும் 1 என்.இசட். எஞ்சின் அப்படித்தான். வேறு சிலவற்றில் கியர்பொக்ஸ் பக்கம் ஃபிளைவீலோடு இருக்கும். அந்தப் பற்களுக்கு ஒரு மில்லிமீற்றர் அளவு இடைவெளியில், எதிலும் முட்டாமல் நிற்பதுதான் சென்சர். ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது ஒரு மின் துடிப்பு கொம்பியூட்டருக்குப் போகிறது.

பரவலாகப் பாவிக்கப்படும் ஒரு முறையில் 60 பற்களுக்கு இடம் வைத்து, அதில் இரண்டை வேண்டுமென்றே வெட்டாமல் விடுவார்கள். ஒரு பல்லுக்கு 6 பாகை. அந்த இரண்டு பல் வெறுமை கடக்கும்போது, தண்டு இப்போது எந்த இடத்தில் நிற்கிறது என்று கொம்பியூட்டர் தெரிந்துகொள்ளும். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றினால் வினாடிக்கு 50 சுற்று, அதாவது 2900 துடிப்புகள். பிளக்கில் எப்போது நெருப்பு விழ வேண்டும், இன்ஜெக்டர் எப்போது பெற்றோல் தெளிக்க வேண்டும் என்ற இரண்டு முடிவும் இந்தக் கணக்கை வைத்துத்தான் எடுக்கப்படுகின்றன. துடிப்பு நின்றால், எஞ்சின் சுற்றவில்லை என்று கொம்பியூட்டர் நினைத்து இரண்டையும் நிறுத்திவிடும். மெதுவாக மூச்சு முட்டாமல் ஒரேயடியாக அணைந்து போவதற்குக் காரணம் இதுதான். பல வாகனங்களில் ஆர்.பி.எம். முள்ளும் இந்தச் சிக்னலை வைத்தே அசைவதால், சிக்னல் இல்லாதபோது அதுவும் படுத்துவிடும்.

பெற்றோல் பம்ப் பலியாவதும் இங்கேதான். பல கார்களில் திறப்பைப் போட்டதும் பம்ப் ஓரிரு வினாடி ஓடி அழுத்தத்தை ஏற்றிவிட்டு நின்றுவிடும். அதன்பின் கிரேங்க் சிக்னல் வந்தால்தான் தொடர்ந்து ஓடும். ஏனென்றால் விபத்தில் எஞ்சின் நின்ற பிறகும் பம்ப் பெற்றோலை ஊற்றிக்கொண்டிருக்கக் கூடாது. ஆகவே சென்சர் செத்தால் பம்பும் ஓடாது. அதைப் பார்க்கும் பாஸ், பம்ப் ஓடவில்லை, பம்ப் பிழை என்று முடிவு கட்டுகிறார். புதுப் பம்பைப் பூட்டுவதற்குள் எஞ்சின் ஆறிவிடுகிறது, வாகனம் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. பில்லைக் கொடுத்துவிட்டு வருகிறோம். எமக்கு நடந்தது அட்சரம் பிசகாமல் இதுதான். அந்தக் கராஜ்காரர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டோம். அவர் கண்ட காட்சி அவரை ஏமாற்றியது.

ஏன் சூட்டில் மட்டும்?

சென்சர்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று காந்தமும் மெல்லிய செப்புக் கம்பிச் சுருளும் கொண்டது. இதற்கு இரண்டு வயர், சிலவற்றில் மூன்றாவதாக ஒரு கவச வயர். மற்றது ஹோல் வகை. உள்ளே ஒரு சிறிய மின்னணுச் சில்லு இருக்கும். மின் வழங்கல், ஏர்த், சிக்னல் என மூன்று வயர். இரண்டும் எஞ்சின் உடம்போடு ஒட்டி வருடக்கணக்காகச் சூடேறி ஆறிக் கிடப்பவை. முடியளவு மெல்லிய கம்பியிலோ உள்ளிருக்கும் ஈயப் பற்றிலோ வெடிப்பு விழுந்தால், ஆறியிருக்கும்போது அது தொட்டுக்கொண்டிருக்கும். சூட்டில் விரிந்ததும் விலகும். ஆறியதும் மறுபடி தொடும். அதனால்தான் காலையில் கராஜுக்குக் கொண்டுபோனால் வாகனம் நல்ல பிள்ளையாக நிற்கிறது. செக் எஞ்சின் விளக்கும் பல நேரங்களில் எரிவதில்லை.

பெரிய கம்பனிகளும் இதில் அடிபட்டிருக்கின்றன. 2003 ஒக்டோபரில் நிசான் நிறுவனம், எஞ்சின் திடீரென நிற்கக்கூடிய சென்சர் கோளாறொன்றின் காரணமாக உலகம் முழுவதும் 25 இலட்சம் அளவிலான வாகனங்களைத் திரும்ப அழைத்தது. 2007இல் அமெரிக்காவில் ஆறரை இலட்சம் அளவிலான அல்டிமா, சென்ட்ரா கார்களை அதே நிறுவனம் மறுபடி அழைத்தது. அதில் விசேஷம், கிரேங்க் சென்சர் சூடாவதால் எஞ்சின் நிற்பதற்கு, கொம்பியூட்டரின் மென்பொருளை மாற்றி எழுதிக் கொடுத்தார்கள். ஜப்பானில் பாவித்து இங்கே வந்த வாகனங்களில் இப்படியான வேலைகள் செய்யப்பட்டனவா என்பதை, செசி இலக்கத்தைக் கொடுத்து ஏஜென்டிடமோ தயாரிப்பாளரின் ஜப்பானிய இணையத்தளத்திலோ தேடிப் பார்க்கலாம். பாவித்த கார் வாங்கும் நம்மவர்கள் மீற்றரைப் பார்க்கிறார்கள், பெயின்டைத் தட்டிப் பார்க்கிறார்கள், இதைப் பார்ப்பவர் குறைவு.

கண்டுபிடிக்கும் முறை

முதல் வேலை உரிமையாளருடையது. வண்டியில் ஒரு சிறிய கொப்பி வையுங்கள். எங்கே நின்றது, எவ்வளவு தூரம் ஓடிய பின், தாங்கியில் பெற்றோல் எவ்வளவு, ஸ்டார்ட் பண்ணும்போது முள் அசைந்ததா, எத்தனை நிமிடத்தில் மறுபடி ஓடியது என்று எழுதுங்கள். கடனுக்குக் கணக்கு வைக்கத் தெரிந்த நமக்கு இது பெரிய விடயமல்ல. நின்ற இடத்தில் வேறொன்றும் செய்யலாம். பக்கத்தில் ஒருவர் இருந்தால் அவரைத் திறப்பைப் போடச் சொல்லிவிட்டு, பின் ஆசனப் பக்கம் காதை வைத்துப் பம்ப் ஓரிரு வினாடி முனகுகிறதா என்று கேளுங்கள். எல்லா வாகனத்திலும் கேட்காது. கேட்டால் பம்ப் உயிரோடு இருக்கிறது. திறப்பின் பாதுகாப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தால் அது வேறு கோளாறு, சென்சரைத் தொட வேண்டாம்.

கராஜில் முதலில் பார்க்க வேண்டியது பெட்டரி. ஸ்டார்ட் பண்ணும்போது மின்னழுத்தம் 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் கொம்பியூட்டரே தடுமாறும், மற்றப் பரிசோதனைகளை நம்ப முடியாது. அடுத்தது ஸ்கேன். பி 0335 முதல் பி 0339 வரையான இலக்கங்கள் கிரேங்க் சென்சரின் சுற்றைக் குறிப்பவை. விட்டு விட்டு வரும் கோளாறுக்குரியது பி 0339. பழைய டொயோட்டாக்களில் விளக்கு மின்னி 12 அல்லது 13 என்று காட்டினால் ஆர்.பி.எம். சிக்னல் சம்பந்தப்பட்டது. பி 0340 என்றால் அது கேம் சென்சரின் சுற்று, பெயர் கிட்டக்கிட்ட இருப்பதால் பலர் குழப்பிக்கொள்வார்கள். பி 0016 வந்தால் டைமிங் செயின் தளர்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இலக்கம் வந்துவிட்டது என்பதற்காகச் சென்சரை வாங்க ஓட வேண்டாம். அந்த இலக்கம் சுட்டுவது அந்தச் சுற்றை. சென்சர், சொக்கட், வயர், பற்சில்லு எல்லாம் அதில் அடக்கம். எமது பக்கத்தில் எலி கடித்த வயர் சாதாரணமாகக் காணக் கிடைப்பது. ஒயில் ஒழுகி ஊறிப்போன இன்சுலேஷன், ஸ்டார்ட்டர் மோட்டருக்கு அருகில் உரசிய வயர், பச்சை பூத்த சொக்கட் பின் ஆகியவையும் அப்படியே. எஞ்சினை ஓடவிட்டு, வயரை மெதுவாக அசைத்துப் பார்த்தால் பல கோளாறுகள் அங்கேயே தலைகாட்டும். கிளச் மாற்றிய பின் இந்தப் பிரச்சினை தொடங்கியிருந்தால், கியர்பொக்ஸை இறக்கி ஏற்றும்போது சென்சரோ பற்சில்லோ அடிபட்டிருக்கலாம்.

ஸ்கேனர் வைத்திருப்பவர் கட்டாயம் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. நேரடித் தரவுப் பக்கத்தைத் திறந்து ஸ்டார்ட் பண்ணினால் 200 சுற்று அளவில் ஆர்.பி.எம். காட்ட வேண்டும். எஞ்சின் சுற்றிக்கொண்டிருக்க அங்கே பூச்சியம் நின்றால் சிக்னல் கொம்பியூட்டருக்குப் போய்ச் சேரவில்லை. அதே நேரம் பிளக்கில் நெருப்பும் இல்லை, இன்ஜெக்டரும் திறக்கவில்லை என்றால் சந்தேகம் இன்னும் பலமாகும். நெருப்பு மட்டும் இல்லாவிட்டால் கொயில் பக்கம் பாருங்கள்.

இனி மல்டிமீற்றர். இரண்டு வயர்ச் சென்சரைக் கழற்றி ஓம் அளந்தால், வாகனத்தைப் பொறுத்துச் சில நூறு ஓமிலிருந்து இரண்டாயிரத்துச் சொச்சம் வரை வரலாம். சரியான அளவு அந்த எஞ்சினுக்குரிய மெனுவலில் இருக்கும். ஆறியிருக்கும்போது அளவு சரியாக இருப்பதில் திருப்தி அடையக் கூடாது. பல்லேகல தம்பி செய்ததுபோல் ஹெயார் டிரையரால் சூடாக்கிக்கொண்டே அளக்க வேண்டும். செப்பின் தடை ஒவ்வொரு பாகை வெப்பத்துக்கும் ஏறத்தாழ 0.4 வீதம் ஏறும். 30 பாகையிலிருந்து 90 பாகைக்குப் போனால் கால் பங்கு அளவு கூடுவது இயல்பு, அதற்காகச் சென்சரைக் குற்றம் சொல்லக் கூடாது. திடீரென இலக்கம் பாய்ந்து முடிவிலிக்குப் போனால்தான் அது உடைந்த சுருள். எஞ்சினைச் சுற்றும்போது இந்த வகை தானாகவே சிறிய ஏசி மின்னழுத்தத்தையும் உண்டாக்கும். மீற்றரை ஏசியில் வைத்து அதையும் பார்க்கலாம்.

மூன்று வயர் உள்ளதில் ஓம் அளக்கவே வேண்டாம். அதனால் ஒன்றும் தெரியாது, உள்ளிருக்கும் சில்லுக்கும் நல்லதல்ல. சொக்கட்டில் 5 வோல்ட் (சில வாகனங்களில் 12) வருகிறதா, ஏர்த் சரியா என்று பார்த்துவிட்டு, சிக்னல் வயரில் மீற்றரை வைத்து எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றினால் பூச்சியத்துக்கும் மேல் அளவுக்கும் மாறி மாறிப் போக வேண்டும். மின் வழங்கல் வருகிறது, ஏர்த் இருக்கிறது, சிக்னல் மட்டும் அசைவதில்லை என்றால் சென்சர் முடிந்தது.

கருவி ஒன்றுமே இல்லாத இடத்தில் செய்யும் பரீட்சை ஒன்றும் உண்டு. வாகனம் சூட்டில் நின்றவுடன், சென்சர் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால், அதன்மேல் நனைந்த சீலைத் துண்டொன்றை ஐந்து நிமிடம் வையுங்கள். உடனே ஸ்டார்ட் ஆனால் காரணம் ஏறக்குறைய தெரிந்துவிட்டது. தண்ணீரை வாளியால் ஊற்ற வேண்டாம். சூடான எக்ஸோஸ்டில் பட்டால் வெடிக்கும், ஆல்டனேட்டரில் பட்டால் இன்னொரு செலவு.

மாற்றுவது

வேலை பெரும்பாலும் ஒரே ஒரு 10ஆம் இலக்க போல்ட்தான். பெட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, சுற்றியுள்ள அழுக்கைத் துடைத்துவிட்டு எடுக்க வேண்டும். இறுகியிருந்தால் மெல்ல முறுக்கி எடுக்க வேண்டும், நெம்பினால் தலை உடைந்து உள்ளே தங்கிவிடும். காந்த நுனியில் இரும்புத் தூள் அப்பியிருந்தால் சில வேளைகளில் அதைத் துடைத்துப் போட்டாலே வாகனம் சரியாகும். புதிய சென்சரின் ரப்பர் வளையத்தில் சொட்டு ஒயில் பூசி, கையால் அமர்த்தி, போல்ட்டை அளவாக இறுக்கி, வயரை எக்ஸோஸ்டிலிருந்து விலக்கி முன்பிருந்த கிளிப்பிலேயே மாட்ட வேண்டும். ஹொண்டா போன்ற சில வாகனங்களில் மாற்றிய பின் ஸ்கேனரால் பழைய பதிவை அழித்துப் புதிதாகப் பழக்க வேண்டியிருக்கும்.

வாங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. பன்சிகாவத்தையிலும் கண்டி நகரிலும் ஒரே சென்சருக்கு மூன்று நான்கு விலை சொல்வார்கள். டென்சோ, ஹிட்டாச்சி, பொஷ் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதால் உள்ளே இருப்பதும் அதுதான் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பழைய சென்சரைக் கையோடு கொண்டுபோய் அதன் இலக்கம், நீளம், சொக்கட் வடிவம் மூன்றையும் ஒப்பிடுங்கள். நீளம் ஒரு மில்லிமீற்றர் பிசகினாலும் இடைவெளி பிழைத்துவிடும், அல்லது பல்லில் மோதும். கழற்றிய ரிகண்டிஷன் சென்சர் வாங்குவதை நாம் ஆதரிக்க மாட்டோம். அதுவும் இன்னொரு வாகனத்தில் இத்தனை வருடம் வெந்து கிடந்ததுதானே. பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. நாமும் வியாபாரிகள் என்பதால் இது இரு பக்கமும் வெட்டும்.

கராஜோடு பேசும்போது, கண்டுபிடிப்பதற்கான கூலியை வேறாகவும் பாகத்தின் விலையை வேறாகவும் பேசிக்கொள்ளுங்கள். நம்மில் பலருக்கு, சாமான் ஒன்றும் மாற்றாமல் ஸ்கேன் பண்ணியதற்கு மட்டும் பணம் கேட்டால் மனம் ஒப்புவதில்லை. அதனால் பாஸும் ஏதாவது ஒன்றை மாற்றித்தான் தன் கூலியை எடுக்க வேண்டியிருக்கிறது. எமக்கு அந்தப் பம்புக்கும் கொயிலுக்கும் போன பணத்தில் பல்லேகல தம்பியின் பரிசோதனைக் கூலியைப் பல தடவை கொடுத்திருக்கலாம். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். வேலை முடிந்ததும் கராஜ் வாசலில் அல்ல, சூடேறும் அளவு ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்த பின்னரே கணக்கை முடியுங்கள். நாம் ஹுன்னஸ்கிரிய வரை போய் வந்தோம்.

இன்னொன்று, சென்சர் மாறும்வரை அந்த வாகனத்தை மஹியங்கனைப் பக்கம் 18 வளைவு இறக்கத்தில் விட வேண்டாம். எஞ்சின் நின்றால் ஸ்டியரிங் கல்லாகும். பிரேக்கின் உதவியும் இரண்டு மூன்று மிதியோடு தீர்ந்துவிடும். அப்படி நேர்ந்தால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே மிதியாக அழுத்திப் பிடித்து, கைப் பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, ஓரமாக நிறுத்துங்கள். திறப்பை முழுவதுமாகப் பின்னால் திருப்பக் கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். வேலைக்கு வைத்திருக்கும் டிரைவருக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள், பெரும்பாலும் அந்த வளைவில் இருப்பது நாமல்ல, அவர்தான்.

அடுத்த வாரம், வாகனக் காப்புறுதியைப் புதுப்பிக்கும்போது வியாபாரிகள் கவனிக்காமல் விடும் சில விடயங்களைப் பார்ப்போம்.